சயானிலிருந்து சயாம் வரை: ஓர் இளையோர் நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த நாவலின் கையெழுத்துப் படியைக் கடந்த இரண்டு ஆண்டுகளாக மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் கைமாற்றிப் படித்து வருகிறார்கள். அச்சுக்குப் போகும் முன்னரே அவர்கள் கேட்ட கேள்விகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை நிரப்பிவிட்டன. அவற்றுள் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். கதையின் முடிவைத் தெரிந்துகொள்ளாமல் நாவலைப் படிக்க விரும்புகிறவர்கள் கடைசிக் கேள்வியை விட்டுவிடலாம்.

கதை எதைப் பற்றியது?

மும்பை சயானில் ஒரு சாலில் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள குடியிருப்பில்) வளர்ந்து ஜூனியர் காலேஜில் படிக்கும் 17 வயதுப் பெண் இந்தக் கதையைச் சொல்கிறாள். 2018 மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, அவளுடைய அண்ணன் லோக்கல் ரயிலின் வாசலில் நெரிசலில் தொங்கியபடி போகையில் தவறி விழுந்து இறந்துபோகிறான். மும்பைப் புறநகர் ரயில் தடங்களில் தவறி விழுந்தும் தண்டவாளத்தைக் கடக்கையில் அடிபட்டும் பிற வகைகளிலும் அப்போது ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள் என்பதால், இந்த நகரத்தில் இது செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரி. அந்த வீட்டுக்கோ அது பேச்சே நின்றுபோன ஏழு மாதங்கள்.

ஏழாம் மாதத்தில் அவளுடைய அப்பாயி, 81 வயதானவர், ஒரு நாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, “என் அப்பா செத்த இடத்தை நான் ஒரு தடவை பார்க்கணும்” என்று சொல்கிறார். அந்த இடம் தாய்லாந்தில், பர்மா எல்லையை ஒட்டிய காட்டில், எங்கோ இருக்கிறது. துணைக்குப் போகக்கூடிய நிலையில் பேத்தியைத் தவிர வீட்டில் வேறு யாரும் இல்லை. இருவரும் ஒன்பது நாள் பயணம் போய்வருகிறார்கள்.

சயான், சயாம் என்ற ஒலியொற்றுமை திட்டமிட்டு அமைத்ததா?

அது என் சொந்தக் குழந்தைப் பருவத்திலிருந்து வந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் மூதாட்டி ஒருவர் தம் தகப்பனாரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், “சயாமுக்குக் கொண்டுபோனான், திரும்பி வரலை” என்பார். சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். எனக்கோ சயான் மட்டுமே தெரியும். அது எங்கள் நிலையம். அங்கே போன மனிதர் ஏன் திரும்பி வரவில்லை, நடந்தே வரலாமே என்று நான் பல ஆண்டுகள் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். நாவலின் பெண்ணுக்கும் அந்தக் குழப்பத்தையே கொடுத்தேன். அண்ணன் இறந்த பிறகு அந்தக் குழப்பம் அவளுக்கு வேறு பொருள் தருகிறது, ஏனென்றால் இப்போது சயானிலிருந்தும் ஒருவன் திரும்பி வரவில்லை.

சயாம் மரண ரயில் உண்மையில் நடந்ததா? அதில் தமிழர்கள் எப்படிச் சேர்ந்தார்கள்?

நடந்தது. இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளியில் இரண்டாம் உலகப் போரைப் படித்தவர்கள் என்பது எனக்கு வருத்தம் தந்தது.

தஞ்சாவூர், திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து பெருந்தொகையான ஏழை மக்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதற்கொண்டு மலாயாவின் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். பின்னாளில் அவர்களை இழுத்தது ரப்பர். உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவித்தொகை கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடை செய்தது. அதற்குள் போனவர்கள் அங்கேயே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலுள்ள தன் படைகளுக்குக் கடல்வழியில் சரக்கு அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால், தாய்லாந்தின் நாங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை மலையையும் காட்டையும் வெட்டி 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானிய இராணுவம் முடிவெடுத்தது. வேலை 1942-இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது.

அந்த வேலைக்கு நேச நாடுகளின் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு பெரிய கூட்டம் ஆசியத் தொழிலாளர்களுடையது: பர்மியர், மலாய்க்காரர், ஜாவா நாட்டவர், சீனர், மலாயாத் தோட்டங்களின் தமிழர். இவர்கள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்றும், ஏறத்தாழ 90,000 பேர் மாண்டார்கள் என்றும் பரவலாக மதிப்பிடப்படுகிறது. மதிப்பீடு என்ற சொல்லைக் கவனியுங்கள். போர்க்கைதிகளுக்குப் படைப்பிரிவும் பெயர்ப்பட்டியலும் மருத்துவ அதிகாரிகளும் இருந்தார்கள். இறந்தவரின் பெயரை யாராவது ஒருவர் எப்படியோ எழுதி வைத்தார்கள். தோட்டத்திலிருந்து, நல்ல கூலி, சில மாத வேலை என்ற வாக்கை நம்பிப் போனவர்களுக்கும், பிறகு லாரியில் வாரிக்கொண்டு போகப்பட்டவர்களுக்கும் அப்படி எழுதி வைக்க ஆளில்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். மலேரியா, வயிற்றுப்போக்கு, காலில் புரையோடும் புண், பட்டினி ஆகியவை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

தாய்லாந்தில் அந்த ரயில் பாதையில் உள்ள காஞ்சனபுரி நகரத்தின் நடுவில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, வெட்டிய புல்லுக்கு நடுவே, பூச்செடிகளுடன் இருக்கின்றன. பலவற்றில் பெயர், வயது, ஊரில் பெற்றோர் எழுதக் கேட்ட ஒரு வரி. நாவலில் அப்பாயி அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்து, தமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே மூன்று வரிசை போகிறார். பிறகு நின்று, “நம்ம ஆளுங்க எங்க?” என்கிறார். இந்த நாவலை நான் எழுதத் தொடங்கியது அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான்.

கதை நடக்கும் 2019-இல் தமிழ்த் தொழிலாளர்களுக்கென்று நம்மவர்கள் நாட்டிய கல் அங்கே இல்லை. அதற்குப் பின்னர், மலேசியத் தமிழர்களின் முயற்சியால் காஞ்சனபுரியிலுள்ள புத்த விகாரை ஒன்றில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு நடுகல் நாட்டப்பட்டிருக்கிறது. அதைக் கதைக்குள் கொண்டுவருமாறு பலர் சொன்னார்கள். அப்பாயிக்குக் கல் கிடைக்காத ஆண்டு அது, ஆகவே கொண்டுவரவில்லை.

துயரத்தைத் தீர்க்க ஏன் வெளிநாடு போக வேண்டும்? பாணகங்கையும் நாசிக்கும் ராமேஸ்வரமும் போதாவா?

மும்பைத் தமிழர்களிடமிருந்து வரும் மிக நியாயமான கேள்வி இது. வால்கேஷ்வரின் பாணகங்கைக் குளத்திலும் நாசிக்கின் ராமகுண்டத்திலும் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக எள்ளும் தண்ணீரும் இறைத்து வருகிறார்கள். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுக்கலாம் என்ற வழியையும் நம் மரபு வைத்திருக்கிறது. அப்பாயியும் அறுபது ஆண்டுகளாக அதையே செய்வித்து வந்தவர். கணவரையும் பிறகு மகனையும் கொண்டு தம் தகப்பனாருக்கு நீர் விட வைத்தவர்.

அப்படியிருந்தும் அவருக்கு மனம் அமையவில்லை. காரணம், அவர் தகப்பனார் இறந்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. 1943-இல் லாரி ஏறினார், போர் முடிந்தது, சிலர் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. அப்பாயியின் தாயார் ஊருக்குத் திரும்பும் நாள் வரையில், ரஜூலா கப்பலில் ஏறிய பிறகும் கூட, தாலியைக் கழற்றவில்லை. பாலின் பாஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்து, இத்தகைய இழப்புக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் கொடுத்தார். உடலும் செய்தியும் இல்லாதபோது குடும்பம் அழவும் முடியாமல் நம்பவும் முடியாமல் நின்றுவிடுகிறது என்பது அவர் கண்டது. நம் ஊர்க் கிழவிகள் இதை ஒரே சொல்லில் “போனவர்” என்பார்கள். இறந்தவர் என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு வராது.

இன்னொரு தடையும் சிலர் எழுப்பினார்கள். வீட்டில் சாவு விழுந்து தலைத்திவசம் முடியாமல் இப்படிக் கடல் கடந்து போகலாமா என்பது அது. நாவலில் சாலின் பெரியவர்களும் இதையே கேட்கிறார்கள். அப்பாயியின் பதில், “நான் போறது கொண்டாட்டத்துக்கா? இதுவும் காரியம்தான்” என்பது. எனக்கும் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பயணம் துயரத்தை ஆற்றும் என்று நீங்கள் நம்புகிறீர்களா?

பயணம் மட்டும் ஆற்றாது. விமானத்தில் ஏறினால் துயரமும் கூடவே ஏறி உட்காரும். புது ஊரின் முதல் இரவில், பழக்கமில்லாத கட்டிலில், அது வீட்டில் இருந்ததைவிடப் பெரிதாகவும் தெரியும். நாவலின் நான்காம் அத்தியாயம் முழுவதும் பாங்காக்கில் அப்படி ஒரு தூங்காத இரவுதான்.

நான் கண்டவரையில், துக்கத்தில் இருக்கும் இளையவர்களை மிகவும் வதைப்பது, செய்வதற்குத் தமக்கு ஒன்றுமே இல்லை என்ற நிலை. பெரியவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கிறது: மருத்துவமனைச் சான்று, போலீஸ் பஞ்சநாமா, சுடுகாட்டுச் சீட்டு, பதினாறாம் நாளுக்குப் பந்தல், சமையல், உறவினருக்குச் சொல்லி அனுப்புதல். பிள்ளைகளை ஓர் அறையில் உட்கார வைத்து, “நீ அழாதே, அம்மாவைப் பார்த்துக்கொள்” என்று சொல்லிவிடுகிறோம். இந்தப் பயணத்தில் அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்கிறது. பாஸ்போர்ட்டைப் பத்திரப்படுத்துவது, அப்பாயியின் இரத்த அழுத்த மாத்திரையை வேளைக்கு எடுத்துக் கொடுப்பது, மொழி தெரியாத ஊரில் மோரும் சோறும் தேடுவது, தாய்லாந்துப் பெண்ணொருத்தியிடம் கைச்சாடையில் வழி கேட்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஒரு மூத்தவளின் துக்கத்தைச் சுமந்து நடக்கையில் தன்னுடையதைத் தூக்கவும் அவள் தோள் பழகிவிடுகிறது. பயணம் இதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவே. அதே வேலையைச் சயானிலேயே யாராவது அவளுக்குக் கொடுத்திருந்தால் இந்தக் கதைக்கே தேவை இருந்திராது என்றும் நினைக்கிறேன்.

துயரத்தின் ஐந்து நிலைகள் என்று சொல்கிறார்களே, நாவல் அவற்றைப் பின்பற்றுகிறதா?

இல்லை. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்தை எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. பின்னாளில் அது பிரிவில் வாடுவோர் எல்லோருக்கும் பொருந்தும் படிக்கட்டுப் போல் பரவிவிட்டது. பிள்ளைகள் இதைப் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து, தமக்கு இன்னும் கோபம் வரவில்லையே, ஏதோ தவறோ என்று அஞ்சுகிறார்கள்.

எனக்கு உதவியது மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்னும் இருவர் 1999-இல் முன்வைத்த கருத்து. துயரத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் வாழ்க்கையைத் திரும்ப ஒழுங்குபடுத்தும் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார் என்றும், அந்த ஊசலாட்டமே நலமாகத் தேறுவதற்கு வேண்டியது என்றும் அவர்கள் சொன்னார்கள். நாவலில் அந்தப் பெண் காலையில் கல்லறைத் தோட்டத்தில் விம்மிவிட்டு, மாலையில் இரவுச் சந்தையில் மாம்பழமும் ஒட்டுச் சோறும் தின்று வாய்விட்டுச் சிரிக்கிறாள். சிரித்த மறுகணம் குற்றவுணர்வு அவளைப் பிடித்துக்கொள்கிறது. அப்பாயி அவள் தட்டில் இன்னொரு துண்டு மாம்பழம் எடுத்து வைக்கிறார். பெற்றோர் சிலர் அந்தக் காட்சி பொருந்தவில்லை என்றார்கள். பிள்ளைகளில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை.

அண்ணனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் காட்சி ஏன் நாவலில் இல்லை?

கதை சொல்பவள் பெண். அவளை அழைத்துப் போகவில்லை. வாசல் வரை, பிறகு தெரு முனை வரை. அங்கிருந்து பெண்கள் திரும்பிவிட்டார்கள். அவள் பார்க்காததை அவள் எப்படி எழுதுவாள்?

எனக்கு 16 வயதாக இருக்கும்போது என் தம்பி காய்ச்சலில் இறந்தான். நான் தெரு முனையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டேன். வீட்டைக் கழுவிவிட்டுக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, அவன் எங்கோ பயணம் போயிருக்கிறான், ஆண்கள் வழியனுப்பப் போயிருக்கிறார்கள் என்ற எண்ணம் எனக்குள் உறைந்துவிட்டது. அது கரைய எனக்குப் பதினொரு ஆண்டுகள் ஆயின. என்னைத் திருப்பியவர்கள் கொடியவர்கள் அல்லர். பெண்பிள்ளையின் மனம் தாங்காது என்று உண்மையாகவே நினைத்தவர்கள். மனம் எதைத் தாங்காது என்பதைப் பற்றி அவர்கள் தவறாகக் கணித்துவிட்டார்கள். இன்று மும்பையில் மகள்கள் சுடுகாட்டுக்குப் போய்க் கொள்ளி வைப்பதையும் காண்கிறேன். போக விரும்பும் பெண்ணை ஒருமுறை கேட்டாவது பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பயணத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

அப்பாயி 20 ஆண்டுகளாகக் கட்டிவந்த சீட்டுப் பணம். ரயிலிலிருந்து தவறி விழுந்து இறப்பவரின் குடும்பத்துக்கு 2017 முதல் 8 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கான மனு கதையில் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அந்தப் பணம் வந்தாலும் அதைத் தொட அந்தப் பெண்ணின் அப்பா இசையவில்லை என்பது மூன்றாம் அத்தியாயத்தின் சச்சரவு.

தாய்லாந்தைச் சுற்றுலாத் தலமாக மட்டும் காட்டாமல் இருக்க என்ன செய்தீர்கள்?

இந்த அச்சம் எனக்கும் இருந்தது. வெளிநாட்டுக்குப் போய் மனம் தேறும் கதைகளில் அந்நாட்டு மக்கள் பெரும்பாலும் புன்னகைத்து வழிகாட்டும் பதுமைகளாக நின்றுவிடுவார்கள். ஆகவே அவர்களுடைய துக்கத்தையும் கதைக்குள் கொண்டுவர முயன்றேன். காஞ்சனபுரியில் தங்கும் விடுதியை நடத்தும் பெண் கணவனை இழந்தவர். அவர் விகாரையில் துறவியர் ஓதிக்கொண்டிருக்கையில் ஒரு சிறு செம்பிலிருந்து கிண்ணத்துக்குத் தண்ணீரை மெல்லிய தாரையாக விடுகிறார்; பிறகு அந்த நீரை மரத்தடியில் கொண்டுபோய் ஊற்றுகிறார். செய்த புண்ணியத்தை இறந்தவருக்குச் சேர்ப்பிக்கும் தாய்லாந்து வழக்கம் அது. குருவாட் நாம் என்பார்கள். அப்பாயி பார்த்துக்கொண்டேயிருந்து, “இவங்களும் தண்ணிதான் விடுறாங்க” என்கிறார். இரண்டு பெண்களுக்கும் பொதுவான மொழி ஒரு சொல்கூட இல்லை. தண்ணீர் விடும் கை மட்டும் இருவருக்கும் ஒன்று.

காஞ்சனபுரி என்ற பெயரே தமிழ்க் காதுக்குப் பழகியதுதான். பொன்னூர் என்று பொருள். அங்கே பயணிகள் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் ரயில் பாலத்தைப் பற்றி ஒரு செய்தி: அது நிற்கும் ஆற்றுப் பகுதிக்குப் போர்க்காலத்தில் மே க்ளாங் என்று பெயர். ஒரு திரைப்படம் உலகெங்கும் புகழ்பெற்று, அதில் சொல்லப்பட்ட ஆற்றைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கியதால் 1960-களில் குவாய் யாய் என்று மாற்றினார்கள். இரும்புப் பாலத்தின் வளைந்த கண்கள் போர்க்காலத்தவை. நேராக இருப்பவை குண்டுவீச்சில் சிதைந்த பகுதிக்குப் பதிலாகப் பின்னர் பொருத்தப்பட்டவை.

ரயில் காட்சிகள் என் பிள்ளையைப் பாதிக்குமா?

பாதிக்கலாம். நெருங்கியவரை ரயிலில் இழந்த பிள்ளை என்றால், இரண்டாம், ஒன்பதாம் அத்தியாயங்களை முதலில் நீங்கள் படித்துவிட்டு, அருகில் இருந்து படிக்கச் செய்யுங்கள். விபத்தை நான் நேரடியாக எழுதவில்லை; அண்ணனின் சாப்பாட்டு டப்பா வீட்டுக்கு வந்து சேர்வதை எழுதியிருக்கிறேன்.

ஒன்பதாம் அத்தியாயம் கதையின் நடுநரம்பு. மரண ரயில் பாதையில் இன்றும் வண்டி ஓடும் பகுதி நாம் தோக் நிலையம் வரைக்கும் சுமார் 130 கிலோமீட்டர். வாங் போ என்னுமிடத்தில் பாறைச் சரிவை ஒட்டி ஆற்றுக்கு மேலே மரத்தாங்கிகளின் மீது வண்டி மிக மெதுவாக ஊர்கிறது. சன்னல்கள் திறந்திருக்கும், கதவுகளும் திறந்தே இருக்கும். ஏழு மாதமாக ரயிலில் கால் வைக்காத பெண் அதில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே அப்பாயி, தம் தகப்பனார் போட்ட பாதையாக இருக்கக்கூடிய தண்டவாளத்தின் மேல் முதன்முதலாகப் போகிறார். அந்த மரத்தாங்கிகள் தாண்டும் சில நிமிடங்களுக்கு நான் பன்னிரண்டு பக்கம் எடுத்துக்கொண்டேன். அந்தப் பக்கங்களை மட்டும் ஆறு முறை திருத்தி எழுதினேன். இன்னமும் அதில் ஒரு பத்தி எனக்கு நிறைவாக இல்லை.

நாங்களும் அந்த வழியில் போய்வர முடியுமா?

முடியும். பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றுமாக வண்டி உண்டு. மூன்றாம் வகுப்பு மட்டுமே. முதியவர்களுடன் போவோர் காலை வண்டியைத் தேர்ந்து காஞ்சனபுரியில் இறங்கி இரண்டு நாள் தங்குவது நல்லது. அந்த ரயில் பாதைக்காக உண்டாக்கிய ஹெல்ஃபயர் பாஸ் என்னும் பாறை வெட்டுக்குச் செல்லும் படிகள் செங்குத்தானவை; அப்பாயியும் கதையில் மேலேயே உட்கார்ந்துவிடுகிறார். அங்கே 1998-இல் திறக்கப்பட்டு ஆஸ்திரேலிய அரசு நடத்திவரும் காட்சியகத்தைப் பொறுமையாகப் பாருங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் முன் தூதரக அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள்.

எந்த வயதினருக்கு ஏற்றது? துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு உடனே கொடுக்கலாமா?

14 வயதுக்கு மேற்பட்டோரை மனத்தில் வைத்து எழுதினேன். இழப்பு நேர்ந்த முதல் வாரங்களில் இதை மட்டுமன்று, எந்தப் புத்தகத்தையும் திணிக்காதீர்கள். மேசையில் வையுங்கள், எடுக்கும்போது எடுக்கட்டும்.

நாவல் மருந்தாகாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பல மாதங்கள் கழிந்தும் பிள்ளை உண்ணாமல் உறங்காமல் படிப்பையும் நட்பையும் முற்றிலும் விட்டுவிட்டால், அல்லது தானும் போய்விட்டால் நல்லது என்பதுபோல் ஒரு சொல் சொன்னாலும், காத்திருக்காமல் மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துச் செல்லுங்கள். இந்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். மும்பையில் வளரும் நம் பிள்ளைகளில் பலருக்கு இந்தி வாய்க்கு எளிது என்றாலும், அழும்போது வரும் மொழி தமிழாகத்தான் இருக்கிறது.

தமிழில் இத்தகைய கதைக்கு முன்மரபு உண்டா?

இரண்டாயிரம் ஆண்டு மரபு உண்டு என்பேன். புறநானூற்றின் 112-ஆம் பாட்டைப் பாடியவர்கள் பாரியின் மகளிர். தந்தையையும் மலையையும் இழந்த இளம்பெண்கள். சென்ற மாதத்து நிலவில் எங்கள் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையதாக இருந்தது. இந்த மாதத்து நிலவில் இரண்டும் இல்லை என்பதே அந்தச் சிறு பாட்டின் பொருள். அடுத்து வரும் பாட்டுகளில் தந்தையின் நண்பரான கபிலர் அவ்விருவரையும் அழைத்துக்கொண்டு பறம்பை விட்டு வெளியேறுகிறார். திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மலையிடம் விடை பெறுகிறார். இழப்புக்குப் பிறகு இளையவர்களை ஒரு மூத்தவர் வழிநடத்திப் போகும் பயணம் நமக்குப் புதிதில்லை. என் கதையில் வழிநடத்துவது யார் என்பது பாதி வழியில் மாறிவிடுகிறது.

அப்பாயி தேடியது கடைசியில் கிடைக்கிறதா?

கிடைக்கவில்லை. பெயர் எங்கும் இல்லை, முகாம் எது என்று தெரியவில்லை, காட்டும் ஆளும் இல்லை. 2019 பிப்ரவரி 4, தை அமாவாசை. அன்று விடியலில் இருவரும் ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். சயானிலிருந்து முடிச்சில் கட்டிக்கொண்டு வந்த எள்ளை எடுத்து, இத்தனை ஆண்டும் ஆண்களைக் கொண்டே செய்வித்ததை, அப்பாயி முதன்முறையாகத் தம் கையாலேயே செய்கிறார். தகப்பனாரின் பெயரை மூன்று முறை உரக்கச் சொல்கிறார். பிறகு பேத்தியின் கையைப் பிடித்து, அதிலும் எள்ளை வைத்து, “உங்க அண்ணனைக் கூப்பிடு” என்கிறார். அவள் கூப்பிடுகிறாள், ஏழு மாதத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வருவது அதுவே முதல் தடவை.

பல வாசகர்கள் நாவல் அங்கே முடிந்திருக்கலாம் என்றார்கள். எனக்கு அவள் வீட்டுக்கு வந்து சேர வேண்டியிருந்தது. கடைசி அத்தியாயம் நான்கு பக்கம். திரும்பி வந்த மூன்றாம் நாள் பிற்பகல், கூட்டம் இல்லாத நேரம், அவள் சயான் நிலையத்தில் போய்வரும் டிக்கெட் ஒன்று எடுக்கிறாள். ஸ்லோ வண்டியின் பெண்கள் பெட்டியில் ஏறி, வாசலுக்குத் தள்ளி, உள்ளே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரே நிலையம், மாட்டுங்கா. இறங்கி, மேம்பாலத்தில் ஏறி எதிர்ப் பக்கம் போய், சயானுக்குப் போகும் அடுத்த வண்டிக்காக நிற்கிறாள்.